தேநீர்க் குடிலின் முதல் தூண்

லண்டனுக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை, வாள் வாங்கப் போனேன். மரம் அறுக்கும் பட்டை வாள் மெஷின். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் ஒரு மர ஆலையை மூடுகிறார்கள், சாமான் மலிவாகப் போகிறது என்று என் மனைவியின் தம்பி யோகநாதன் போனில் சொன்னான். படம் அனுப்பட்டுமா என்றும் கேட்டான். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். வவுனியாவில் கட்டை சுமந்து, கைவாள் இழுத்து, பிறகு கொழும்பில் சொந்தமாக மரம் அறுத்து விற்கிற மரக்காலை போட்டு, லொறியும் ஆட்களுமாக நிற்கிறவன். படத்தைப் பார்த்து மெஷின் வாங்குகிற புத்தி எனக்கு இல்லை. தொட்டுப் பார்க்க வேண்டும். தொண்ணூற்றொன்றாம் ஆண்டுக் கோடையில் மனைவி மங்கையையும் கூட்டிக்கொண்டு விமானம் ஏறினேன்.

மங்கைக்கு மெஷினைப் பற்றிக் கவலையில்லை. தம்பியைக் கண்டு வருடக்கணக்காகிவிட்டது.

யோகன் ரெய்னர்ஸ் லேனில் ஒரு வீட்டின் மேல் அறையில் இருந்தான். கீழே ஒரு குடும்பம், பக்கத்து அறையில் இரண்டு பெடியன்கள், எல்லோருக்கும் சமைக்க ஒரே குசினி. முதல் நாள் இரவு எங்களுக்குப் புட்டு அவித்தான். கோதுமை மாப் புட்டு, பைக்கற்றில் வருகிற காய்ந்த தேங்காய்ப்பூ, ரின்னில் அடைத்த மீனில் குழம்பு. மங்கை ஒரு வாய் வைத்துவிட்டு எழும்பிப் போய் வெங்காயம் வெட்டத் தொடங்கினாள். குழம்பு இரண்டாம் முறை அடுப்பில் ஏறி இறங்கிய பிறகுதான் சாப்பிட்டோம்.

அவன் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கத்தில் மனேஜராக இருந்தவன். அடிபாடு தொடங்கியதும் வெளியேறினான். லண்டனில் தங்க அனுமதி கிடைத்துவிட்டது. மனைவி வசந்தியும் சின்ன மகளும் இன்னும் யாழ்ப்பாணத்தில். அவர்களைக் கூப்பிடுவதென்றால் இருக்க வீடும், நிரந்தர வேலையும் காட்ட வேண்டும். வீட்டை ஒரு மாதிரி ஒழுங்கு செய்துவிட்டான். வேலைதான் நிரந்தரம் இல்லை. ஒரு கட்டட ஒப்பந்தக்காரனிடம் கூலி. ஒவ்வொரு வெள்ளியும் மேற்பார்வையாளன் வந்து ஆள் ஆளாகப் பார்த்து, "திங்கள் வா" என்பானாம். சொல்லாமல் கடந்து போனால் அத்தோடு சரி.

"இப்ப என்ன கட்டிறியள்?" என்று கேட்டேன்.

"ஜப்பான் வீடு அத்தான். மேற்கு லண்டனில ஒரு பார்க்குக்குள்ள. அவங்கட தோட்டமும் தேத்தண்ணிக் குடிலும். மரமெல்லாம் அங்கயிருந்து வெட்டிச் சீவிக் கப்பலில வந்தது. ஆசாரிமாரும் அங்கத்த ஆக்கள். தூக்கிறது பிடிக்கிறதுதான் நாங்கள்."

"என்ர மரக்காலையில மனேஜரா வா எண்டு கேட்டனான். மரத்தூள் ஒத்துக்கொள்ளாது எண்டாய்."

"இது தூள் பறக்காத மரம் அத்தான்," என்று சிரித்தான்.

தூள் பறக்காத மரம் உலகத்தில் இல்லை. நேரில் பார்த்துச் சொல்கிறேன் என்று படுத்துவிட்டேன்.

அடுத்த நாள் பார்க்கிங் போனோம். ஆலைக்காரன் என் வயது வெள்ளையன். மெஷினைத் துடைத்து மினுக்கி வைத்திருந்தான். நான் துடைப்பைப் பார்க்கவில்லை. மேல் சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டேன். ஒரு இடத்தில் மணல் கடிக்கிற சத்தம். விரலைக் காட்டினேன். அவன் என் விரலைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், தானாகவே விலையைக் குறைத்தான். எனக்கு இங்கிலீஷ் பத்து வார்த்தை வரும். அன்று இரண்டுதான் செலவானது.

திரும்பும்போது யோகன் வேலைக்குப் போய்விட்டதால் நானும் மங்கையும் தனியாக நிலக்கீழ் ரயிலில் வந்தோம். நீல நிறக் கோடு என்று சொல்லியிருந்தான். நீலக் கோட்டில்தான் ஏறினோம். அந்தக் கோடு நடுவில் இரண்டாகப் பிரியும் என்று சொல்லவில்லை. ஆட்கள் பெட்டி பெட்டியாகச் சாமான் வைத்திருப்பதைப் பார்த்தே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கடைசியில் இறங்கிப் பார்த்தால் விமான நிலையம்.

"வந்து ரெண்டு நாள் ஆகேல்ல, அதுக்குள்ள திருப்பி அனுப்பிறாங்களோ?" என்றாள் மங்கை.

"வழி பழகிறம். போகேக்க உதவும்," என்றேன்.

பக்கத்தில் நின்ற சீக்கியப் பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே எங்களைச் சரியான ரயிலில் ஏற்றிவிட்டார். கொழும்பு பஸ்ஸில் வழி தவறினால் நாலு பேர் நாலு பாதை சொல்வார்கள். இங்கே ஒருவர் சொன்னார், அது சரியாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை யோகன் வேலை செய்கிற அந்தப் பூங்காவுக்குப் போனோம். மங்கை சேலைக்கு மேலே யோகனின் கம்பளிச் சட்டை, காலில் சொக்ஸ், தோளில் கைப்பை. தகர வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தோம். உள்ளே கருங்கல்லுகள், குளத்துக்கு வெட்டிய பள்ளம், கூடாரத்துக்குக் கீழே மரம். வேலி ஓரமாக ஒரு மரச் சீவல் பறந்து வந்து கிடந்தது. எடுத்தேன். ஒரு முழத்துக்கு மேல் நீளம், எங்கும் கிழியவில்லை, அதற்குள்ளால் என் கைரேகை தெரிந்தது. மணந்து பார்த்தேன். எலுமிச்சைத் தோலும் கற்பூரமும் கலந்த வாசம். முதிரை, பாலை, தேக்கு, வேம்பு எல்லாம் அறுத்த மூக்கு இது. இந்த வாசம் புதிது.

சீவலை மூக்கில் வைத்தபடி நின்ற என்னை உள்ளேயிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டையான மனிதர், தலையில் துணி கட்டியிருந்தார். தலைமை ஆசாரி ஒகாவா. அவர் ஏதோ சொல்ல, பக்கத்தில் நின்ற பெண் வந்து வேலிக் கதவைத் திறந்தாள். அவள் பெயர் யூகி, லண்டனில் படிக்கிறவள், மொழிபெயர்க்க வந்தவள். ஒகாவா ஜப்பான் மொழியில் சொல்வதை யூகி இங்கிலீஷில் சொல்வாள், அங்கே வேலையில் நின்ற யோகன் தமிழில் சொல்வான். மூன்று வாய் மாறி வந்தது எனக்கு விளங்கியபடியே எழுதுகிறேன்.

"நீங்கள் மரக்காரரா என்று கேட்கிறார்."

"கொழும்பில வந்து கேட்டுப் பார்க்கச் சொல்லு," என்றேன். யோகன் அதை எப்படிச் சொன்னானோ தெரியாது. ஒகாவா குனிந்து கும்பிட்டார்.

அன்றுதான் முதல் தூணை நிறுத்தியிருந்தார்கள். தூண்களுக்கெல்லாம் காகிதம் சுற்றியிருந்தது. வெறுங்கை பட்டால் எண்ணெய்ப் பிசுக்கில் கறுத்துவிடுமாம், வேலை முடிகிற நாளில்தான் உரிப்பார்களாம். முதல் தூணில் மட்டும் பொருத்துப் பார்ப்பதற்காக இடுப்பு உயரத்திலிருந்து மேலே ஒரு துண்டுக் காகிதத்தை நீக்கியிருந்தார்கள். தூணை மண்ணில் புதைக்கவில்லை. ஒரு கல்லின் மேல் வைத்திருந்தார்கள். கல் மேடு பள்ளமாக இருந்தது, தூணின் அடியை அதே மேடு பள்ளத்துக்குச் செதுக்கியிருந்தார்கள். நான் குந்தியிருந்து நகத்தை விட்டுப் பார்த்தேன். நகம் போகவில்லை.

தேநீர் நேரத்தில் ஒரு பலகையில் உட்கார்ந்தோம். பச்சைத் தேநீர், சீனி இல்லை, பால் இல்லை. மங்கை வாசலில் விருந்தாளிக்குக் காட்டும் முகத்தோடு ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையை வைத்துவிட்டாள். நான் இவ்வளவும் யார் கண்டுபிடித்தது என்று கேட்டேன். ஒகாவா ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கீறத் தொடங்கினார்.

முதலில் நாலு கால், மேலே ஒரு பெட்டி, அதற்கு மேல் புல் கூரை. இது நெல் வைக்கிற வீடு. எலியும் ஈரமும் ஏறாமல் காலில் தூக்கி வைத்தது. நெல்தான் உயிர், ஆகவே சாமிக்கும் அதே மாதிரி வீடு கட்டினார்களாம். இசே என்ற ஊரில் பெரிய கோயில் இன்றும் அந்த நெல் வீட்டின் சாயலில்தான் நிற்கிறது. ஆனால் இருபது வருடத்துக்கு ஒரு முறை பக்கத்துக் காணியில் அதே அளவில் புதிதாகக் கட்டிச் சாமியை அங்கே கொண்டு போய்விட்டு, பழையதைக் கழற்றிவிடுவார்களாம்.

"நல்லா இருக்கிறதைக் கழற்றிறதோ?" என்றேன்.

"நன்றாக இருக்கும்போதுதான் கழற்ற வேண்டும், அதைக் கட்டியவர்கள் உயிரோடு இருக்கும்போது," என்று பதில் வந்தது.

நாங்கள் பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை கும்பாபிஷேகம் செய்து வர்ணம் அடிப்போம் என்றேன். கருங்கல்லைக் கழற்ற முடியுமா? அவர் தலையாட்டிக் கேட்டார்.

அடுத்ததாக அடுக்குக் கோபுரம் கீறினார். கொரியாவிலிருந்து புத்தரும் வந்தார், அவரோடு ஆசாரிமாரும் வந்தார்கள். கல் அத்திவாரம், ஓடு, கூரையைத் தாங்கக் கை போல அடுக்கிய கட்டைகள், எல்லாம் அவர்கள் கொண்டு வந்தது. அந்தக் காலத்துக் கோயில் ஒன்று நாராவுக்குப் பக்கத்தில் ஆயிரத்து முந்நூறு வருடமாக மரத்திலேயே நிற்கிறதாம். நிலம் நடுங்கினால்? ஆணி அடித்து இறுக்கியது முறியும், துளையில் மர நாக்கைக் கழுந்தாகச் செருகியது ஆடிவிட்டு நிற்கும் என்றார். மலையின் தெற்குப் பக்கத்தில் வளர்ந்த மரத்தைக் கட்டடத்தின் தெற்குப் பக்கத்தில் வைப்பார்களாம். அடிமரம் கீழே, நுனி மேலே, மரம் நின்றபடியே தூண் நிற்க வேண்டும். இதை நான் முப்பது வருடமாகச் சொல்லி வருகிறேன், என் ஆசாரிமார் கேட்பதில்லை.

பிறகு பிரபுக்களின் பெரிய வீடுகள். பிறகு பாய். பாயின் அளவை வைத்தே அறையின் அளவைச் சொல்வார்களாம், நாலு பாய் அறை, ஆறு பாய் அறை என்று. பிறகு போர்வீரர்களின் வரவேற்பு அறைகள். கடைசியில் இந்தத் தேநீர்க் குடில். இதற்கு வாசல் ஒரு ஜன்னல் அளவுதான். எப்பேர்ப்பட்ட பிரபுவும் வாளை வெளியே மாட்டிவிட்டுத் தவழ்ந்து உள்ளே வர வேண்டும்.

"என்ர வீட்டு முன் கதவுக்குள்ளால லொறியே போகும்," என்றேன். யோகன் அதை மொழிபெயர்க்கவில்லை.

இந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது மங்கை எழும்பிப் போனதை யாரும் கவனிக்கவில்லை. திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முகத்தில் ஒரு வேலை முடித்த அமைதி. யோகன்தான் முதலில் தூணைப் பார்த்தான்.

தூணில், காகிதம் நீக்கிய வெண்மரத்தில், கண் மட்டத்தில், சந்தனம் வைத்து நடுவில் ஒரு குங்குமப் பொட்டு. வடிவான பொட்டு. எங்கள் வீடுகளில் நிலை வைக்கிற அன்று வைப்பது போலவே, போத்தல் தண்ணீரில் சந்தனத் தூளைக் குழைத்து, ஒழுங்காக வைத்திருந்தாள்.

"அக்கா, என்ன செய்தனியள்?"

"ஏன், நல்ல காரியம்தானே. முதல் தூண். ஒருத்தரும் ஒண்டும் வைக்கேல்ல. உன்ர வேலை நிக்கிற மரம்."

யோகன் ஓடிப்போய்க் கைக்குட்டையால் துடைத்தான். அதுதான் பிழை. ஈரக் குங்குமம் நாரோடு இழுபட்டு, ஒரு சதத்துக் காசளவு இருந்தது உள்ளங்கை அளவாகிவிட்டது. ஜப்பான் ஆசாரிமார் நால்வரும் வந்து நின்று பார்த்தார்கள். ஒருவரும் குரல் உயர்த்தவில்லை. எங்கள் ஊரென்றால் இதற்குள் இரண்டு பேர் சட்டையைப் பிடித்திருப்பார்கள். அந்த மௌனத்தைவிட அது பரவாயில்லை.

மேற்பார்வையாளன் கெவின் வந்தான். சிவந்த முகம், பெரிய தொப்பை. அவன் பேசியது முழுக்க யோகனைப் பார்த்து. வெளி ஆட்களை உள்ளே விட்டது யார்? இந்தத் தூணுக்கு மாற்று இங்கே இல்லை, ஜப்பானிலிருந்து வர வேண்டுமென்றால் திறப்பு விழா தள்ளிப் போகும், அதற்கு யார் பொறுப்பு? யோகன் தலை குனிந்து நின்றான். வேலிக் கதவைத் திறந்தது யூகி, திறக்கச் சொன்னது ஒகாவா. ஆனால் கூலிக்காரன் அதைச் சொல்ல முடியுமா?

"சீவுளி போட்டு எடுக்கேலாதோ எண்டு கேள்," என்றேன்.

கறை இறங்கிய அளவுக்குச் சீவினால் அந்த இடம் குழியும், முகம் முழுவதும் சீவினால் பக்கத்துச் சட்டத்துக்கும் தூணுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி விழும் என்றார் ஒகாவா. மயிரிழைதானே என்று எனக்கு வாய் வரை வந்தது. அந்தச் சீவலைக் கையில் பிடித்தவன் அதைச் சொல்ல முடியாது.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. மஞ்சள் பட்ட வேட்டியை என்ன செய்வோம்? எத்தனை சவர்க்காரம் போட்டாலும் போகாது, வெயிலில் விரித்தால் போய்விடும். அசல் குங்குமம் மஞ்சளில்தான் செய்வது. ஆனால் கடைகளில் சாயப் பவுடர் விற்கிறார்கள், அது வெயிலுக்கு அசையாது.

மங்கையைத் தனியே கூப்பிட்டேன். "இஞ்சேர், உது எந்தக் குங்குமம்? கடையில வாங்கினதோ?"

"கடைக் குங்குமம் நான் வைக்கிறேல்லை. அது நெத்தியைக் கடிக்கும். இது கோயிலில ஐயர் வீட்டம்மா மஞ்சளும் தேசிக்காய்ச் சாறும் வெண்காரமும் போட்டு இடிச்சது."

"நிச்சயமோ?"

"என்னைக் கலியாணம் கட்டி இத்தனை வருசம், என்ர நெத்தியைப் பார்த்ததே இல்லைப் போல."

நான் ஒகாவாவிடம் போய் வேட்டிக் கதையைச் சொன்னேன். அவர் குனிந்து கறையை மணந்தார். பிறகு வெயில் படட்டும், ஆனால் கறை உள்ள இடத்தில் மட்டும் பட்டால் அந்த இடத்து மரம் வேறு நிறமாகும், ஆகவே அந்த முகம் முழுவதும் காகிதத்தை நீக்க வேண்டும் என்றார். இது எனக்குத் தோன்றவில்லை. எனக்கு எல்லாம் தோன்ற வேண்டுமென்று இல்லை.

கெவின் வானத்தைப் பார்த்தான். வெள்ளிக்கிழமை பார்ப்போம் என்றான். தூண் சரியாகாவிட்டால் யோகனுக்கு அதுதான் கடைசி நாள்.

நாங்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்தோம். கொழும்பில் கறை போக்க வெயில் தேடினால் தலை பிளக்கும். லண்டனில் கோடை காலத்தில் வானம் சாம்பல் பூசின சட்டி மாதிரிக் கிடந்தது.

புதன்கிழமை தூறல். தூணுக்குப் பொலித்தீன் சுற்றியிருப்பதாக யோகன் வந்து சொன்னான். சாப்பாடு இறங்கவில்லை அவனுக்கு. மங்கை விரதம் என்று சொல்லிவிட்டாள், எந்த விரதம் என்று சொல்லவில்லை. நான் மட்டும் சாப்பிட்டேன். மூன்று பேரும் பட்டினி கிடந்தால் மழை விடுமா?

"நீங்கள் அந்த மனிசனோட வாயடிச்சுக்கொண்டிருந்தபடியாலதான் நான் எழும்பிப் போனனான்," என்றாள்.

"நான் வாயைத்தான் திறந்தனான். நீ குங்குமத்தைத் திறந்தாய்."

"ரெண்டு பேரும் பேசாமல் இருங்கோ," என்றான் யோகன். "வசந்திக்குப் போன கிழமைதான் எழுதினனான், வேலை சரிவரும் போல கிடக்கு எண்டு. கடிதம் போய்ச் சேரவே எத்தினை மாசமோ. அது போய்ச் சேரேக்க இஞ்ச வேலை இராது."

கீழ் வீட்டுக் குழந்தை அழத் தொடங்கியது.

வியாழன் மத்தியானம் மேகம் விலகியது. நான் மங்கையைக் கூட்டிக்கொண்டு போனேன். இந்த முறை வேலிக்கு வெளியேதான் நின்றோம். வெயில் நேராகத் தூணில் விழுந்துகொண்டிருந்தது. சிவப்பு மங்கி மஞ்சளாகி, மஞ்சளும் ஓரங்களில் கரைந்துகொண்டிருந்தது. ஐயர் வீட்டம்மாவை மனதுக்குள் கும்பிட்டேன்.

ஒகாவா எங்களைக் கண்டு யூகியோடும் யோகனோடும் வேலியடிக்கு வந்தார். மங்கையிடம் ஒரு கேள்வி கேட்கலாமா என்றார். ஏன் அப்படிச் செய்தாள்?

மங்கை நேராகச் சொன்னாள். "நல்ல வடிவான மரம். ஒரு பழுதும் இல்லை. பழுதில்லாதது பொட்டில்லாமல் நிண்டால் கண் படும். பிள்ளைக்குக் கன்னத்தில கறுப்புப் பொட்டு வைக்கிற மாதிரித்தான்."

யோகன் மெல்லிய குரலில் அதை யூகிக்குச் சொன்னான், யூகி ஒகாவாவுக்குச் சொன்னாள். ஒகாவா முதல் தடவையாகச் சிரித்தார். நிக்கோ என்ற ஊரில் ஒரு கோயில் வாசல் இருக்கிறதாம், பொன்னும் சித்திரமுமாக. அதில் ஒரே ஒரு தூணில் மட்டும் செதுக்கலைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். தெரியாமல் அல்ல, வேண்டுமென்றே. குறை ஒன்றும் இல்லாமல் முடிந்த கட்டடம் அன்றைக்கே அழியத் தொடங்கும் என்று அந்தக் காலத்து ஆசாரிமார் பயந்தார்களாம்.

"பார்த்தியளே," என்று மங்கை என் பக்கம் திரும்பினாள்.

"ஆனால் எங்கள் ஆசாரி அதைத் தன் தூணில் செய்தார், அடுத்தவர் தூணில் செய்யவில்லை," என்று ஒகாவா சொன்னதாக யூகி சொன்னாள்.

மங்கை திரும்பவும் வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை நல்ல வெயில். வேலை முடிகிற நேரத்துக்குப் போய் வேலி இடுக்கால் பார்த்தோம். கெவின் தூணுக்குக் கிட்டப் போனான், கண்ணைச் சுருக்கினான், தூரப் போனான். பக்கவாட்டில் நின்று பார்த்தால் இன்னும் ஒரு நிழல் தெரிகிறது என்றானாம். என் கண்ணுக்கும் தெரிந்தது, பொய் சொல்ல மாட்டேன். அங்கே கறை இருந்தது என்று அறிந்தவனுக்கு மட்டும் தெரிகிற அளவு.

ஒகாவா வந்து கெவினோடு பேசத் தொடங்கினார். யூகி சொல்வது எங்கள் காதுக்கு எட்டவில்லை. ஒகாவா தரையில் கிடத்தியிருந்த வாசல் கட்டையைக் காட்டினார். கதவு நகர்வதற்கு நீளப் பள்ளமாகக் காடி இழுத்த, வாசலில் படியாகக் கிடக்கப்போகும் கட்டை அது. பிறகு வேலையாட்களை ஒவ்வொருவராகக் காட்டினார். கடைசியில் யோகனைக் காட்டினார். கெவின் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். பேச்சு நீண்டது. நடுவில் ஒகாவா கூரை வரப்போகிற இடத்தைக் காட்டினார், அடுக்கி வைத்திருந்த காகிதக் கதவுகளைக் காட்டினார், பாயைப் போலக் கையை விரித்துக் காட்டினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மரத்தைப் பற்றிய பேச்சொன்று நடக்கும்போது எனக்கு விளங்காமல் போனது அன்றைக்குத்தான்.

பிறகு கெவின் வழக்கம் போல ஆட்களிடம் வந்தான். வரிசையாக நின்றார்கள். ஒருவனைப் பார்த்து வாயசைத்தான், அடுத்தவனைப் பார்த்து வாயசைத்தான், ஒருவனைக் கடந்து போனான். யோகன் கடைசி ஆள். கெவின் அவனுக்கு முன்னால் நின்றான். மற்றவர்களுக்குச் சொன்னதைவிட நீளமாக ஏதோ சொன்னான். யோகனின் முகம் எங்களுக்குத் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது. மங்கை தகரத்தைப் பிடித்திருந்த பிடியில் தகரம் சத்தம் போட்டது.

யோகன் வெளியே வந்து நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான். அவிழ்க்க வேண்டிய தேவை இல்லை, அதைப் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வருகிறவன்.

"அந்தக் கட்டையைக் காட்டி என்ன சொன்னவர்?" என்று நான் கேட்டேன். மங்கைக்கு அதைக் கேட்கிற தைரியம் இல்லை.

"வாசல் கட்டையை மிதிச்சால் அவையளுக்குக் குற்றமாம் அத்தான். குனிஞ்சு குனிஞ்சு எல்லாருக்கும் சொல்லிப் பார்த்தவராம், ஒருத்தரும் கேக்கேல்ல. கிடந்த கட்டையை எல்லாரும் மிதிச்சுக்கொண்டுதான் போனவங்களாம். நான் ஒரு நாளும் மிதிக்கேல்லையாம். சொல்லித் தராமலே தாண்டித் தாண்டிப் போறன் எண்டு முதல் நாளே பார்த்து வச்சவராம்."

"வாசற்படியை ஆர் மிதிப்பினம்?" என்றாள் மங்கை.

"அதுதான் நானும் நினைச்சன். அது ஒரு விசயமெண்டே எனக்குத் தெரியாது." மற்றச் சப்பாத்தையும் கழற்றினான். "உந்த வீட்டைக் கட்டிப்போட்டு விட்டுட்டுப் போக ஏலாதாம். வருசா வருசம் காகிதம் மாத்த வேணும், பாய் மாத்த வேணும், உழுத்த கட்டையைக் கழற்றிப் புதுசு போட வேணும். ஒரு ஆள் இஞ்சயே இருந்து பாக்க வேணும் எண்டு அவையளின்ர ஒப்பந்தத்தில முதலே கிடக்காம். அதுக்கு ஆளை அவர்தான் தெரிவு செய்யிறவராம். கெவின் வேற ஆளைச் சொன்னவன். அவர் மாட்டன், இவன்தான் வேணும் எண்டுட்டார்."

மங்கை நடைபாதையில் அவனுக்குப் பக்கத்தில் சேலையோடு உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப திங்கள் வரச் சொன்னவனோ?"

"ஓம் அக்கா."

"எந்தத் திங்கள்?"

யோகன் இரண்டு சப்பாத்தையும் சேர்த்து மடியில் வைத்துக்கொண்டான்.

"எல்லாத் திங்களும்," என்றான்.